நான் சிவப்புப் பூசிய ஊர்

மச்சாள்,

இன்று நான் வாக்குப் போட்டேன். முதல் தரம். மொன்றியலில், பார்க் எக்ஸ்ரென்சனில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளியிருக்கிற தேவாலயத்தின் நிலக்கீழ் மண்டபத்தில். மட்டைத் தடுப்புக்குப் பின்னால் ஒரு சின்ன மேசை, மேசையில் ஒரு கட்டைப் பென்சில். அப்போதுதான் சீவி வைத்திருந்தார்கள். குனிந்ததும் அந்தச் சீவிய மணம் மூக்கில் ஏறியது. அதற்குப் பிறகு எனக்குக் கை ஓடவில்லை. அது உன் மேசையின் மணம். "சா வா, மத்மசெல்?", எல்லாம் சரியா பிள்ளை என்று வெளியே இருந்த பெண் கேட்கும்வரை, வேட்பாளர் பேர்களைப் பார்த்தபடி நின்றேன்.

நீ முதல் வாக்குப் போட்டபோது உனக்கும் பதினெட்டுத்தான். அதுவே கடைசி வாக்கும் ஆகிவிட்டது. இப்போது எனக்கும் பதினெட்டு. அடுத்த வருடம் நான் உன்னைவிட மூத்தவள் ஆகிவிடுவேன். அதிலாவது உன்னை முந்துவேன் என்று ஒருநாள் நினைத்தேன். அப்படி நினைத்ததற்காக என்னை எனக்கே பிடிக்கவில்லை. ஆனால் இந்தக் கடிதத்தில் பொய் எழுதக்கூடாது என்று உட்கார்ந்திருக்கிறேன்.

உன்னில் எனக்கு எப்போதும் பொறாமை. உனக்கு அது தெரிந்திருக்கும்.

மாமா, உன் அப்பா, எல்லைக்கு அங்கால் அந்தச் சின்ன அமெரிக்க ஊரில் பெற்றோல் கடை வாங்கிப் போனபோது, "காட்டுக்குள்ள போய் என்ன செய்யப்போறியள்?" என்று என் அம்மா தன் அண்ணனிடம் கேட்டு அழுதா. மொன்றியலிலிருந்து ஒன்றரை மணி நேரம்தான். சோளக் காணி, மாட்டுப் பண்ணை, அப்பிள் தோட்டம், ஒரு சிறைச்சாலை, குன்றின்மேல் ஒரு கல்லூரி. அந்தக் கவுண்டி, அந்த மாவட்டம், முழுவதிலும் தமிழ்க் குடும்பம் என்று நீங்கள் ஒன்றுதான். அங்கே வாயே திறக்காமல் வளர்ந்திருக்க வேண்டியவள் நீ. நீயோ பெற்றோல் அடிக்க வந்தவர்கள் எல்லோரோடும் கதைத்தாய். இங்கே தெருவுக்குத் தெரு தமிழர் இருந்தும் வாய் திறக்காமல் வளர்ந்தவள் நான்.

நான் பள்ளிக்கூடத்தை விட்ட காரணத்தை நீ ஒருநாளும் கேட்டதில்லை. வகுப்பில் எழுந்து நின்று பிரெஞ்சில் பேசிக் காட்டுகிற பரீட்சை. மூன்று தரம் எழுந்து நின்றேன். மூன்று தரமும் ஒரு சொல்லும் வரவில்லை. வீட்டில் கடகடவென்று வருகிற பிரெஞ்சு, முப்பது பேர் பார்த்ததும் எங்கேயோ போய் ஒளிந்துகொண்டது. நாலாம் தரம் நான் பள்ளிக்கூடத்துக்கே போகவில்லை. பதினாறு முடிந்திருந்தது, ஒருவரும் வற்புறுத்தவுமில்லை.

என் அப்பாவுக்கு அரசியல் என்றால் சோறு வேண்டாம். துறைமுகப் பக்கம் ஒரு களஞ்சியத்தில் பெட்டி ஏற்றி இறக்கிவிட்டு வந்து, வானொலிக்கு முன்னால் இருப்பார். என்னோடு கதைப்பது இரண்டு சொல்: "சாப்பிட்டியா?", "படு". ஆனால் ஞாயிற்றுக்கிழமை "மாமா" என்று நீ அவருக்கு ரெலிபோன் எடுத்தால், குசினிக் கதிரையை இழுத்துப்போட்டு, ஒரு மணித்தியாலம் கதைப்பார். ஸ்பீக்கரில் போடுவார். நான் வெங்காயம் உரித்துக்கொண்டு கேட்பேன்.

"ஆர் எந்தக் கோயிலுக்குப் போறான் எண்டு சொல்லு, பிள்ளை. அவன்ர வாக்கை நான் இஞ்சையிருந்து சொல்லுறன்."

"இல்லை மாமா, இஞ்ச கோயிலை விட றோட்தான். ஒரு றோட்டில ஒராள் மாறினா, அறுப்பு மெசின் இரவல் வாங்க வாற மற்றவனும் மாறுவான்."

"அப்ப எங்கட ஊர் ஒழுங்கை மாதிரியெண்டு சொல்லு!" என்று அப்பா சிரிப்பார். அந்தச் சிரிப்பு எங்கள் வீட்டில் வேறு எப்போதும் கேட்காது.

நீ அந்தக் கவுண்டியைத் தெரிந்து வைத்திருந்தது போல நான் எங்கள் கட்டடத்தைக்கூடத் தெரிந்து வைத்திருக்கவில்லை. சிறைச்சாலைக் காவலர்கள் வீடு கட்டியிருக்கிற புதுத் தெருக்கள் அப்படியே சிவப்புக்கு விழும். கல்லூரிக் குன்று நீலம். அப்பிள் தோட்டக்காரர், கூலிக்கு ஆள் கிடைக்குமா என்று பார்த்து முடிவெடுப்பார்கள். பால்பண்ணைக்காரர்தான் கணித்துச் சொல்லமுடியாதவர்கள், தாத்தா போட்ட பக்கத்துக்கே போடுவார்கள், போட்டுக்கொண்டே இருப்பார்கள், ஒருநாள் போடமாட்டார்கள். இதெல்லாம் கடையில் கோப்பி ஊற்றும்போது உனக்குக் கிடைத்தது. ஒரு கொப்பியில் றோட் றோட்டாக எழுதி வைத்திருந்தாய்.

அப்பாவுக்கு ஒன்றில் மட்டும் எப்போதும் தடுமாற்றம். கனடாவில் பழைய போக்கை விடாதவர்களின் கட்சி நிறம் நீலம். உங்கள் பக்கத்தில் அவர்கள் சிவப்பு, எதிர்க்கட்சிதான் நீலம். "நில்லு நில்லு, சிவப்பு எண்டா ஆர்?" என்று ஒவ்வொரு ஞாயிறும் கேட்பார். "தலைகீழாய்ப் பிடியுங்கோ மாமா" என்பாய். எனக்கு அது ஒருநாளும் தடுமாறியதில்லை. அதை இங்கே எழுதி வைக்கவேண்டும்.

இரண்டு வருடத்துக்கு முன், இலையுதிர் காலத்தில், பெரிய மட்டையில் கவுண்டிப் படம் கீறினாய். இருபத்தொரு ஊர். நவம்பர்த் தேர்தலில் எந்த ஊர் எந்தப் பக்கம் என்று முன்கூட்டியே நிறம் பூசிக் கடைக் கண்ணாடியில் தொங்கவிடப் போவதாகச் சொன்னாய். வேண்டாம் என்று உன் அப்பா ஒற்றைக் காலில் நின்றார்.

"பெற்றோல் அடிக்க வாறவன் எந்தக் கட்சி எண்டு எனக்கென்னத்துக்கு? கடைக்குள்ள அரசியல் வேண்டாம்."

"இது அரசியல் இல்லையப்பா, காலநிலை. நாளைக்கு மழை எண்டு சொல்லுறவன் மழைக்கு ஆதரவோ?"

படம் தொங்கியது. கேட்டவர்களுக்கெல்லாம் அந்த மழைக் கதையையே சொன்னாய். சனத்துக்கும் பிடித்துவிட்டது. எந்த ஊரின் நிறத்தைப் பிழையாகச் சொன்னாலும் அந்த ஊர்க்காரருக்கு ஒரு கிழமை, ஏழு நாளும், இலவசக் கோப்பி வேண்டும் என்று ஒரு பண்ணைக்காரர் சொல்ல, நீயும் சரி என்றாய். உள்ளூர் வாரப் பத்திரிகைக்காரர் வந்து, தேர்தலுக்கு மறுநாள் படத்துக்குப் பக்கத்தில் உன்னை நிற்கவைத்துப் புகைப்படம் எடுக்க வருவதாகச் சொன்னார். இருபத்தொன்றும் சரியாக வந்தால் போடுவேன் என்றார். அதன்பிறகு ஞாயிறு எப்போது வரும் என்று அப்பா காத்திருந்தார்.

நான் அங்கே வந்து நின்றது அப்போதுதான். "பள்ளிக்கூடமும் இல்லை, மச்சாளோட கொஞ்ச நாள் நிக்கட்டும்" என்று அம்மா அனுப்பிவைத்தா. இருபது ஊர் பூசியாயிற்று. ஒன்று மட்டும் வெள்ளையாக இருந்தது. எல்லை ஓரத்து ஊர். அதில் பாதிக்கு மேல் ஒரு நீள றோட். தபால் பெட்டிகளில் எல்லாம் பிரெஞ்சுப் பேர்கள். எப்போதோ கியூபெக்கிலிருந்து போய்க் குடியேறிய பால்பண்ணைக்காரர். கடைக்கு வந்தால் காசைக் கொடுத்துவிட்டுப் போவார்கள்; உன்னோடுகூடக் கதைக்கமாட்டார்கள்.

"நீ வாறியா?" என்றாய். "உனக்குப் பிரெஞ்சு தெரியும்தானே."

எனக்கு மட்டும் தெரிந்த ஒன்று உனக்கு வேண்டியிருந்தது. அதுவே முதல் தரம்.

அந்த வீடு நினைவிருக்கிறதா? பச்சைக் கூரை, முற்றத்தில் பழுதான இரண்டு டிராக்டர். கதவைத் திறந்த மனிசிக்கு எழுபது வயதிருக்கும். நீ ஆங்கிலத்தில் தொடங்கினாய். அவ வாசலை விட்டு அசையவில்லை. நான் மெல்ல "பொன்ஜூர், மதாம்" என்றேன். அவ்வளவுதான். "நீ மொன்றியலோ?" என்று என் கையைப் பிடித்து உள்ளே இழுத்தா. அவவின் பிரெஞ்சு பழைய பிரெஞ்சு, சொற்களை மென்று மென்று கதைக்கிற மாதிரி. வகுப்பில் வராத பேச்சு அந்தக் குசினியில் வந்தது. அரை மணித்தியாலம் கதைத்தேன், மச்சாள். மாடுகளைப் பற்றி, பனி பற்றி, எங்கள் அம்மா போடுகிற தேத்தண்ணி பற்றி. நீ கதிரை நுனியில் இருந்து என் முகத்தையும் அவ முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாய்.

"என்ன சொல்லுறா? என்னடி சொல்லுறா?"

"பேந்து சொல்லுறன், பொறு."

அந்தப் "பேந்து" எவ்வளவு இனித்தது தெரியுமா?

அவ சொன்னது இதுதான். தகப்பன் காலத்திலிருந்து அந்த வீடு சிவப்பு. பாலுக்குக் கிடைக்கிறது மாட்டுத் தீனிக்கே காணாது. அதைப் பொறுக்கலாம் என்றா. பேரனை இரண்டு தரம் போருக்கு அனுப்பிவிட்டார்கள், மூன்றாம் தரம் கடிதம் வந்திருக்கிறது, அதைப் பொறுக்கேலாது என்றா. ஞாயிறு பூசை முடிந்து றோட்டில் உள்ள பெண்கள் எல்லாம் தன் குசினியில்தான் கோப்பி குடிப்பது என்றா. "இந்த முறை நாங்கள் மாற்றிப் போடுகிறோம். ஆம்பிளைகளுக்கு இன்னும் சொல்லவில்லை" என்று சொல்லிவிட்டுக் கண்ணைச் சிமிட்டினா. போகும்போது ஒரு போத்தல் அப்பிள் ஜாம் தந்தா, எனக்கு.

காரில் உனக்கு எல்லாம் சொல்லியிருக்கலாம். அப்பாவுக்கு முதலில் சொல்லவேண்டும் என்று வைத்திருந்தேன். ரெலிபோனில், நானாக, என் வாயால். ஒரு மணித்தியாலம் வேண்டாம், பத்து நிமிடம் போதும்.

கடைக்கு வந்து இறங்கியதும் ரெலிபோன் அடித்தது, உன் அழைப்புக்குப் பொறுக்காமல் அப்பாவே. ஞாயிறு. நீ பாய்ந்து எடுத்தாய்.

"மாமா! எனக்கு அந்தப் பிரெஞ்சு றோட்டும் கிடைச்சிட்டுது!"

எனக்கு என்றாய். நீ வேண்டுமென்று சொல்லவில்லை, சந்தோஷத்தில் சொன்னாய். மறுபக்கம் அப்பாவின் குரல் ஸ்பீக்கரில் கேட்டது: "கெட்டிக்காரி! நீ எனக்குப் பிறந்திருக்கவேண்டிய பிள்ளையடி."

நான் ஜாம் போத்தலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். ரெலிபோனுக்குப் பக்கத்தில் நான் கேட்டுக்கொண்டு நிற்பது அப்பாவுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் சொல்லியிருக்கமாட்டார் என்று இரண்டு வருடமாக எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

ரெலிபோனை வைத்துவிட்டு நீ பென்சில் பெட்டியைத் திறந்து என் முன்னால் நீட்டினாய். "நீயே பூசு. நீ கேட்டு வந்தது." உன் பெரிய மனதுகூட எனக்கு அப்போது எரிந்தது. சிவப்பை எடுத்தேன். சீவினேன். அந்த ஊரை ஓரம் ஓரமாக, கோடு தாண்டாமல், வடிவாகப் பூசினேன்.

"சிவப்போ?" என்றாய். "வடிவாய்த் தெரியுமோ?"

நான் தலையாட்டினேன்.

தேர்தல் நாள் காலையில் நீ வாக்குப் போட ஊர் மண்டபத்துக்குப் போனாய். நான் காரில் இருந்தேன். சிரித்துக்கொண்டு திரும்பி வந்தாய்.

"றோட் மேற்பார்வைப் பதவிக்கு இந்த முறை ஒருத்தரும் நிக்கேல்லை. வாக்குச் சீட்டில விரும்பின பேரை எழுதலாம். ஒரு கிழவன் ஒவ்வொரு முறையும் தன்ர மாட்டின்ர பேரை எழுதுறவனாம்."

"நீ ஆரை எழுதினனி?"

"சொல்லமாட்டன். இரகசிய வாக்கடி."

உன் பேரைத்தான் எழுதியிருப்பாய் என்று நினைத்தேன். நானாக இருந்தால் அதைத்தான் செய்திருப்பேன்.

மறுநாள் காலை கடை நிரம்பிவிட்டது. கோப்பிக் கிண்ணங்களோடு எல்லோரும் படத்துக்கு முன்னால். நீ கொப்பியையும் பத்திரிகைக்காரர் கொண்டுவந்த முடிவுகளையும் பார்த்து ஒவ்வொரு ஊராக வாசித்தாய். சரி, சரி, சரி. இருபதும் சரி. கடைசியாக எல்லை ஓரத்து ஊர்: நீலம். கொஞ்ச வாக்குகளால்தான், ஆனாலும் நீலம். கடை முழுவதும் ஊளையிட்டது. அந்தப் பண்ணைக்காரர் தொப்பியைக் கழற்றி ஆட்டி, "மழை எண்டியே பிள்ளை, வெயிலெல்லோ எறிக்குது! ஊத்து அவங்களுக்குக் கோப்பியை!" என்று ஆங்கிலத்தில் கத்தினார். வாசிக்க முன்பே உன்னைப் புகைப்படம் எடுத்து வைத்திருந்த பத்திரிகைக்காரர் தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விட்டார். உன் முகம் ஒரு கணம் சின்னப்பிள்ளை முகமாகிப் போனது. நான் பார்த்தேன். பார்க்கத்தான் ஆசைப்பட்டிருந்தேன். பார்த்ததும் திரும்பி வெறும் கிண்ணங்களை அடுக்கத் தொடங்கினேன்.

உன் அப்பா என் பக்கம் திரும்பினார். "இந்த ஊர் நீ பூசினதெல்லோ?"

எனக்கு வாய் வரவில்லை. வழக்கம்போல.

நீ சிரித்தாய். "அவ கனடாவெல்லோ அப்பா. அங்க நிறம் தலைகீழ். மாறிப் பூசிப்போட்டா. நான்தான் பார்த்திருக்கோணும்."

எல்லோரும் சிரித்தார்கள். பிறகு ரெலிபோனில் இதைக் கேட்டு என் அப்பாவும் சிரித்தார்: "நானும் அப்பிடித்தான் பூசியிருப்பன்!" நிறம் மாறிய பிழை, எங்களைப் போன்றவர்கள் விடுகிற பிழை, ஒருவரும் அதற்குமேல் கேட்கவில்லை. ஆனால் நீ என்னிடம் கேட்டிருந்தாய். சிவப்போ என்று கேட்டாய், வடிவாய்த் தெரியுமோ என்று கேட்டாய், நான் தலையாட்டினேன். நிறம் மாறவில்லை என்று அந்தக் கடையில் இரண்டு பேருக்குத் தெரியும்.

கூட்டம் போனபின் நீலப் பென்சிலை என்னிடம் தந்தாய். "மேல பூசிவிடு." பூசினேன். சிவப்பின்மேல் நீலம் ஏறி ஊதாவாகிவிட்டது. நீ தலையைச் சாய்த்துப் பார்த்தாய். "உண்மையில அந்த றோட் இப்பிடித்தான் இருக்கும்" என்றாய். வேறு ஒன்றும் கேட்கவில்லை. அந்தக் கிழமை முழுவதும் எல்லை ஓரத்துக்காரர் வந்து வந்து இலவசக் கோப்பி குடித்தார்கள். நீ ஊற்றினாய். ஒரு தரம்கூட என்னை ஊற்றச் சொல்லவில்லை. நீ திட்டியிருந்தால் நான் உன்னை வெறுத்துக்கொண்டாவது இருந்திருப்பேன்.

பிறகு சொல்லலாம் என்று நினைத்தேன். டிசம்பரில் நத்தாருக்கு வருவாய், அப்போது சொல்லலாம். வந்தாய், சொல்லவில்லை. பெப்ரவரியில் மழையும் பனியும் சேர்ந்து உறைந்த ஒரு பின்னேரம், கல்லூரிக் குன்றிலிருந்து இறங்கி வந்த உன் கார் வீதியை விட்டுப் போய்விட்டது.

உன் செத்தவீட்டுக்கு அந்தக் கவுண்டியே வந்தது. சிவப்புத் தெருவும் வந்தது, நீலக் குன்றும் வந்தது. அந்தப் பச்சைக் கூரை மனிசியும் வந்தா. என்னைக் கட்டிப்பிடித்து, "உன் மச்சாளுக்கு நான் சொன்னதைச் சொன்னாயா?" என்று காதில் கேட்டா. தலையாட்டினேன். இரண்டாம் பொய்.

பிறகு ஊர் மண்டபத்தில் வாக்கு எண்ணுகிற பெண் என்னிடம் வந்தா. என் பேரைக் கேட்டா. சொன்னதும், "நீதானா?" என்றா. எழுதிப் போட்ட பேர்களை எல்லாம் சத்தமாக வாசிக்கவேண்டுமாம். றோட் மேற்பார்வைக்கு ஒரு மாட்டின் பேர் வந்ததாம். அதற்கு அடுத்ததாக வாயில் நுழையாத ஒரு பேர், ஒரே ஒரு வாக்கு. மூன்று தரம் தடக்கித் தடக்கி வாசித்தாவாம். இது உங்கள் வீட்டுப் பேராகத்தான் இருக்கும் என்று மறுநாள் பின்னேரம் கண்ட இடத்தில் உன்னிடம் கேட்டாவாம். "மொன்றியலிலிருந்து வந்து அந்தப் பிரெஞ்சு றோட்டைக் கதைக்க வைத்தவள்" என்றாயாம்.

அப்போது எனக்கு அழுகை வந்தது என்று எல்லோரும் நினைத்தார்கள். வந்தது கோபம். செத்த பிறகும் நீயே நல்லவள். நான் பொய் பூசியது தெரியாமல் காலையில் எனக்கு வாக்குப் போட்டாய். தெரிந்த பிறகும், கேட்ட பெண்ணிடம் அப்படிச் சொன்னாய். அதற்கு நான் என்ன செய்வது?

அந்தக் கிழமை பத்திரிகைக்காரர் உன் புகைப்படத்தைப் போட்டார். படத்துக்குப் பக்கத்தில் நீ இடுப்பில் கைவைத்து நிற்கிறாய். வெட்டியெடுத்து என் பணப்பையில் வைத்திருக்கிறேன். மெட்ரோவில் லவாலுக்கு வேலைக்குப் போகும்போது சில நாள் எடுத்துப் பார்ப்பேன். அங்கே துணிக்கடையின் பின் அறையில் விலைச்சீட்டுக் குத்துகிற வேலை; ஒருவரோடும் கதைக்கத் தேவையில்லை. அந்தப் பத்திரிகை கறுப்பு வெள்ளை. எல்லை ஓரத்து ஊர் அதில் ஒரு சாம்பல் துண்டு. அதன் நிறம் பார்ப்பவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

இன்று வாக்குப் போட்டுவிட்டு வந்து வாசலில் சப்பாத்தைக் கழற்றும்போது அப்பா வானொலிக்கு முன்னால் இருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் இப்போது எங்கள் வீட்டு ரெலிபோன் அடிப்பதில்லை. அவர் அரசியல் கதைத்து இரண்டு வருடமாகிறது.

"ஆருக்குப் போட்டனி?" என்றார்.

என்னிடம் அவர் அப்படிக் கேட்டது முதல் தரம். "இரகசிய வாக்கப்பா" என்றேன். அவர் முகம் மாறியது. அது உன் குரல் மாதிரி இருந்ததோ என்னவோ.

நான் பணப்பையைத் திறந்து அந்தத் துண்டை மேசையில் வைத்தேன். விரலால் ஊரைக் காட்டினேன். "இது நிறம் மாறினதில்லை அப்பா. எனக்கு நிறம் தெரியும். வேணுமெண்டுதான் பூசினனான்." ஏன் என்பதையும் சொன்னேன். ரெலிபோனில் அவர் சொன்ன வசனத்தை அப்படியே சொன்னேன்.

அப்பா அந்தத் துண்டைக் கையில் எடுத்துப் பார்த்தார். பிறகு வானொலியை நிறுத்தினார். குசினிக் கதிரையை இழுத்தார். எனக்கு ஒன்று, அவருக்கு ஒன்று.

"அந்த மனிசி என்ன சொன்னவா?" என்றார்.

சொன்னேன். பச்சைக் கூரை, டிராக்டர், பால், பேரன், ஞாயிற்றுக்கிழமைக் கோப்பி, ஆம்பிளைகளுக்குச் சொல்லாத முடிவு. "பிறகு?" என்றார். "பிறகு?" என்றார். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் கதைத்தேன், மச்சாள். உன் நேரத்தில், உன் இடத்தில் இருந்து. நீ இருந்திருந்தால் இந்தக் கதிரை எனக்குக் கிடைத்திருக்காது என்ற எண்ணம் நடுவில் வந்தது. அது போகவில்லை. என்னோடுதான் இருக்கும் போலிருக்கிறது.

எல்லாம் முடிந்தபின் அப்பா மெல்லக் கேட்டார்: "அவளுக்குத் தெரியுமோ?"

நான் தலையாட்டவில்லை.

"ஓம் அப்பா" என்றேன். "அவளுக்குத் தெரியும்."